கேட்டல்: சிறார் நாடகத் தெரிவு குறித்துச் சில குறிப்புகள்

1

சில வருஷங்களுக்கு முன் தென்மாவட்டத்து ஊர் ஒன்றில் கோடை விடுமுறைச் சிறார் நாடக முகாம் நடந்தது. எழுபது எண்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள். எடுத்துக்கொண்ட நாடகத்தில் பாத்திரங்கள் பதினெட்டு. எனவே ஆடிஷன் வைப்பதென்று முடிவாயிற்று. தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ற ஒரே தகுதியில், மேசைக்குப் பின்னால் போட்டிருந்த மூன்று நாற்காலிகளில் ஒன்றில் நானும் உட்கார்ந்தேன். கையில் ஒரு தாள். குரல், உச்சரிப்பு, உடலசைவு, ஞாபகசக்தி, ஒத்துழைப்பு என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண்.

வாசிக்கக் கொடுத்த பகுதியில் ஒரு குடிமகன் அரசனிடம் முறையிடுகிறான். 'மன்னா, அடியேன் கூறுவதைச் சற்றே செவிமடுக்க வேண்டும்' என்று தொடங்கும். பதினோரு வயதிருக்கும் ஒரு சிறுமி தாளை வாங்கிப் பார்த்தாள். ஒருமுறை உதட்டுக்குள்ளேயே படித்துக்கொண்டாள். பிறகு தாளை மடித்து இடுப்பில் செருகிவிட்டு, 'ராசா, நான் சொல்லுதத கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க' என்று ஆரம்பித்தாள். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். 'தாள்ல இருக்கறத அப்படியே படிம்மா' என்றேன் நான். அதற்கப்புறம் அவளால் ஒரு வரியைக்கூட ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. உச்சரிப்புக்கு மூன்று போட்டேன். ஒத்துழைப்புக்கு நான்கு.

மறுநாள், 'மறுபடியும் வர வேண்டியவர்கள்' பட்டியல் பள்ளிக்கூடக் கதவில் ஒட்டப்பட்டது. அவள் பெயர் அதில் இல்லை. சாயங்காலம் வேப்பமரத்தடியில் ஐந்தாறு பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள். பேனாவை டொக் டொக்கென்று அமுக்குவது, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்ப்பது, 'அப்படியே படிம்மா' என்று இழுப்பது. அந்த மேசையில் இருந்த என்னை அவள் நடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சுழிகூடத் தப்பவில்லை. நாங்கள் அவளைப் பரிசோதித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிஷத்தில் அவள் எங்களைப் படித்து முடித்திருக்கிறாள்.

பட்டியலைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. 'அதுதான் ஒட்டியாச்சே' என்றுதான் நினைத்தேன். இந்தக் கட்டுரை அந்த நினைப்பைப் பற்றியது.

2

ஆடிஷன் என்ற சொல்லின் லத்தீன் வேர் 'கேட்பது' என்று பொருள்படும். நம்மில் பலருக்கு இந்தச் சொல் வானொலி நிலையத்தோடு சேர்த்துத்தான் ஞாபகம் வரும். பாடகரையும் வாத்தியக்காரரையும் குரலாகவும் நாதமாகவும் மட்டும் கேட்டுத் தரம் பிரித்துவிடலாம். வேண்டுமானால் நடுவே ஒரு திரையைத் தொங்கவிடலாம். நடிகனுக்கு அந்த வசதி இல்லை. அவனது நிறம், உயரம், நிற்கிற விதம், பேச்சில் ஒட்டியிருக்கும் ஊர், சட்டையின் வெளுப்பு எல்லாமும் சேர்ந்துதான் அறைக்குள் வருகின்றன. நாடகத்தில் 'கேட்பது' என்பது உண்மையில் பார்ப்பது. பார்வை ஒருபோதும் வெறும் பார்வையாக இருப்பதில்லை.

தமிழில் 'கேள்' என்ற வினைக்கு மூன்று வேலை. காதால் கேட்பது ஒன்று. கேள்வி கேட்பது இன்னொன்று. 'சொன்ன பேச்சைக் கேள்' என்னும்போது அடங்கிப்போவது மூன்றாவது. ஆடிஷன் என்ற சடங்கை இந்த மூன்று கேட்டல்களை வைத்தே புரிந்துகொள்ள முடியும் என்று தோன்றுகிறது. மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் முதலாவதைச் செய்வதாகச் சொல்லிக்கொள்கிறோம். மேசைக்கு முன்னால் நிற்கும் பிள்ளையிடம் மூன்றாவதை எதிர்பார்க்கிறோம். இரண்டாவதற்கு, அதாவது பிள்ளை கேள்வி கேட்பதற்கு, அந்த அறையில் இடமே வைப்பதில்லை.

இந்தச் சடங்கு முழு வடிவம் பெற்றிருப்பது அமெரிக்க, பிரிட்டிஷ் சிறார் நாடகத்தில். அங்கே பள்ளிக்கூட இசைநாடகத்துக்குப் போகிற பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு நிமிஷத்துக்கான தனிமொழி ஒன்றைத் தயாரித்துக்கொண்டு போக வேண்டும். சில இடங்களில் இரண்டு கேட்பார்கள், ஒன்று சிரிப்பு, ஒன்று சோகம். ஒரு பாட்டிலிருந்து பதினாறு அல்லது முப்பத்திரண்டு தாளக்கட்டுகளை மட்டும் வெட்டியெடுத்துப் பாட வேண்டும். முன்னே பின்னே பார்த்திராத காட்சிப் பகுதியைக் கையில் கொடுத்தவுடன் படிக்க வேண்டும். இதிலே தேறினால் சின்னதாக ஒரு பட்டியல் வரும். அதற்குப் பெயர் கால்பேக், மறுஅழைப்பு. மறுஅழைப்பில் ஜோடி ஜோடியாக நிறுத்திப் படிக்கச் சொல்வார்கள். யார் பக்கத்தில் யார் நின்றால் பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். கூட்டமாக ஆடவைப்பார்கள். முக்கியமாக, ஒருமுறை செய்ததையே வேறுமாதிரி செய்யச் சொல்வார்கள். கடைசியில் பாத்திரப் பட்டியல் பலகையில் ஏறும்.

இதற்கென்று ஒரு தயாரிப்புத் தொழிலே வளர்ந்திருக்கிறது. பதின்வயதினருக்கான தனிமொழித் தொகுப்புகள், மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் பயிற்சியாளர்கள், கையேடுகள். பிராட்வேயில் நடிகர் தெரிவில் வேலைபார்த்த மைக்கேல் ஷர்ட்லெஃப் 1978இல் எழுதிய 'ஆடிஷன்' என்ற புத்தகம் பன்னிரண்டு வழிகாட்டிகளைத் தருகிறது. எதிரிலிருப்பவரோடு உனக்கு என்ன உறவு என்று கேட்பதிலிருந்து அது தொடங்குகிறது. நடிப்பு பற்றிய புத்தகமாக வாசித்தால் நல்ல புத்தகம்தான். ஆனால் நடிப்பு பற்றிய ஞானம் 'தேறுவது எப்படி' என்ற தலைப்பின் கீழ்தான் விற்பனையாகிறது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஃபூக்கோ 1975இல் வெளிவந்த 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் தேர்வு என்ற ஏற்பாட்டைப் பற்றிச் சொல்வது இங்கே பொருந்துகிறது. மேலிருந்து பார்க்கும் பார்வையும், சராசரியை நிர்ணயித்து அதிலிருந்து விலகலை அளக்கும் தீர்ப்பும் தேர்வில் ஒன்றாகச் சேர்கின்றன. தேர்வு மனிதரைத் தனித்தனி 'கேஸ்'களாக்கித் தாளில் பதிகிறது. என் கையிலிருந்த ஐந்து கட்டத் தாள் இதைத்தான் செய்தது. அந்தச் சிறுமியை நான் பார்ப்பதற்கு முன்பே 'உச்சரிப்பு' என்ற கட்டம் அவளைப் பார்த்துவிட்டது. 'சரியான உச்சரிப்பு' யாருடைய வீட்டு உச்சரிப்பு என்ற கேள்வியை அந்தக் கட்டம் மறைத்துவிட்டது.

3

அதே 1975இல் நியூயார்க்கில் 'எ கோரஸ் லைன்' அரங்கேறியது. ஆடிஷனையே நாடகமாக்கிய நாடகம் அது. பதினேழு நடனக்காரர்கள் ஒரு வெள்ளைக்கோட்டில் வரிசையாக நிற்கிறார்கள். எட்டுப் பேர்தான் வேண்டும். இருட்டிலிருந்து இயக்குநரின் குரல் வருகிறது: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். குடும்பச் சண்டை, உடம்பைப் பற்றிய வெட்கம், பாலியல் அடையாளத்தால் பட்ட அவமானம் எல்லாவற்றையும் வேலைக்காக ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். 1990இல் முடிவுக்கு வரும்வரை பிராட்வேயில் 6,137 காட்சிகள். 1976இல் புலிட்சர் பரிசும் பெற்றது.

நாடகம் உருவான விதம் இன்னும் கூர்மையான பாடம். இயக்குநர் மைக்கேல் பென்னட் 1974 ஜனவரியில் நடனக்காரர்களைக் கூட்டி வைத்து, ராத்திரி முழுக்க அவர்கள் வாழ்க்கையைப் பேசவிட்டு ஒலிநாடாவில் பதிந்தார். அந்தக் கதைகளைப் பயன்படுத்தும் உரிமைக்கு ஆளுக்கு ஒரு டாலர் என்று கையெழுத்து வாங்கப்பட்டது. பிற்பாடு வருமானத்தில் சிறு பங்கு ஒதுக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கதை சொன்னவர்களில் சிலர், தங்கள் கதையிலிருந்தே உருவான பாத்திரத்துக்கு ஆடிஷன் கொடுக்க வேண்டி வந்தது. நீ நீயாக இருக்கத் தகுதியானவன்தானா என்று நிரூபித்துக் காட்டு!

முடிவுக் காட்சியைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு அந்தரங்கம் பேசிய அத்தனை பேரும் ஒரே மாதிரி பொன்னிற உடையில், ஒரே மாதிரி தொப்பியோடு, ஒரே மாதிரி காலைத் தூக்கி ஆடுகிறார்கள். யார் தேறினார், யார் தேறவில்லை என்று அடையாளம் காண முடியாது. தனித்துவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் கரைத்துவிடுவது என்ற முரண்பாட்டை அந்த நாடகம் மறைக்கவில்லை. அதனாலேயே அது முக்கியமான பிரதி. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்த தலைமுறை எடுத்துக்கொண்டது வேறு. 'உன் வலியைத் தைரியமாகச் சொல், தேறிவிடுவாய்.' பதின்வயதுப் பிள்ளைகள் சொந்தத் துயரத்தைத் தயாரிப்புப் பொருளாக்கக் கற்றுக்கொள்வது இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

4

'இதெல்லாம் மேல்நாட்டு விவகாரம், நம்மகிட்ட ஏது ஆடிஷன்?' என்று கேட்கலாம். பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து நடத்திய நாடக மரபு நமக்கு நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. பாய்ஸ் கம்பெனிகள்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபாவைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்த டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு. பாலர் சபைகள் ஏன் தோன்றின என்பதற்கு நம் நாடக வரலாறுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. பெரிய நடிகர்களிடம் ஒழுங்கு இல்லை, சொன்னதைக் கேட்பதில்லை, குடி, தகராறு. பையன்கள் என்றால் சொன்னபடி கேட்பார்கள். இதை வரலாற்றுத் தகவலாக மட்டும் படித்துக் கடந்துவிடுகிறோம். தமிழ்ச் சிறார் நாடகத்தின் பிறப்புச் சான்றிதழிலேயே மூன்றாவது கேட்டல், அதாவது கீழ்ப்படிதல், எழுதப்பட்டிருக்கிறது என்று இதை வாசிக்க வேண்டும்.

கம்பெனியில் சேரவந்த பையனிடம் என்ன பார்த்தார்கள்? சாரீரம். பாடம் சீக்கிரம் ஏறுகிறதா என்பது. முகவெட்டு ஸ்திரீபார்ட்டுக்கு ஒத்துவருமா என்பது. ஆனால் அந்த வாசலுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தது பெரும்பாலும் கலைத்தாகம் இல்லை, வயிறு. தகப்பனை இழந்த குடும்பத்திலிருந்து எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்ரபாணியும் சிறுவயதிலேயே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனது எல்லோரும் அறிந்தது. சிவாஜி கணேசன் தன் சுயசரிதையில் சொல்லும் சம்பவம் இன்னும் யோசிக்க வைப்பது. பெற்றோர் இருக்கும்போதே, தான் ஒரு அநாதை என்று சொல்லித்தான் அவர் கம்பெனியில் சேர்ந்தார். தமிழ் நடிப்பின் பெரும் பெயர்களில் ஒன்று தன் முதல் பாத்திரத்தை மேடையேறுவதற்கு முன்பே, தெரிவு செய்பவர் முன்னால் நடித்துக் காட்டியிருக்கிறது. எந்தக் கதையைச் சொன்னால் கதவு திறக்கும் என்பதை அந்தச் சிறுவன் கண்டுபிடித்துவிட்டான். தயாரிப்பு என்பது இதுதான்.

சேர்ந்தபிறகும் தெரிவு முடிவதில்லை. ஒவ்வொரு நாளும் ஆடிஷன்தான். பையனுக்குக் குரல் உடைகிற பருவம் வரும். மகரக்கட்டு என்பார்கள். அதுவரை கைதட்டல் வாங்கித்தந்த பாட்டு வேஷமும் ஸ்திரீபார்ட்டும் கைநழுவும். சொந்த உடம்பு வளர்வதே குற்றமாகிப்போகும் இந்த வேதனையை, பாய்ஸ் கம்பெனிகளைப் பொற்காலமாக எழுதுகிறவர்கள் ஒரு வாக்கியத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இவ்வளவையும் சொன்னபிறகு, இதே மரபுக்குள் எதிர்த்திசையில் நிற்கும் ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடகக்காரர்கள் வட்டத்தில் பிரசித்தம். சண்முகம் என்ற அந்தப் பொடியன் அபிமன்யுவாக நடிப்பதற்காகவே எழுதியது. இதை இதுவரை சுவாமிகளின் கவித்திறனுக்குச் சான்றாகவே சொல்லிவந்திருக்கிறோம். ஒரே ராத்திரியில் எழுதினார் என்ற அதிசயத்தில் கண்ணை வைத்ததால், யாருக்காக எழுதினார் என்பதைக் கவனிக்கவில்லை. இங்கே பாத்திரத்துக்குப் பிள்ளையைத் தேடவில்லை. பிள்ளையின் குரலைக் கேட்டு, அதன் எட்டும் தூரத்தை அறிந்து, அதற்குப் பாத்திரம் எழுதப்பட்டது. முதலாவது கேட்டல் நிஜமாக நடந்த தருணம் அது. கீழ்ப்படிதலுக்காகக் கட்டப்பட்ட நிறுவனத்துக்குள்ளேயே இதுவும் நடந்திருக்கிறது. மரபு ஒற்றைக்கல் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

5

இப்போது தயாரிப்பு என்ற விஷயத்துக்கு வரலாம். ஆடிஷனுக்குப் பிள்ளையைத் தயார்செய்வது என்றால் என்ன?

சொல்லிக்கொடுக்கப்படுவதில் உண்மையிலேயே பயன் உள்ளவை உண்டு. வயதுக்குப் பொருந்திய பகுதியை எடுத்துக்கொள். யாரிடம் பேசுகிறாய், அவரிடம் உனக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள். மூச்சைக் கவனி. தப்பு நேர்ந்தால் மன்னிப்புக் கேட்டு நிறுத்தாமல் தொடர்ந்து போ. இதெல்லாம் எந்தப் பிள்ளைக்கும் நல்லதே. இவை எல்லாப் பிள்ளைக்கும் கிடைப்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

இதைவிட ஆழமான தயாரிப்பு ஒன்று வீட்டிலேயே நடந்துவிடுகிறது. பெரியவர்கள் முன்னால் கூச்சமில்லாமல் நிற்பது, அவர்கள் கண்ணைப் பார்த்துப் பேசுவது, 'நீ என்ன நினைக்கிறாய்' என்று கேட்கப்பட்டுப் பழகியிருப்பது. பூர்தியு 'பண்பாட்டு மூலதனம்' என்று சொன்னது இதைத்தான். இந்த மூலதனத்தோடு வரும் பிள்ளையை மேசைக்குப் பின்னாலிருப்பவர்கள் 'திறமைசாலி' என்று எழுதுகிறார்கள். பெரியவர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்பதே மரியாதை என்று தெருவும் சாதியும் கற்றுக்கொடுத்த பிள்ளையை 'தன்னம்பிக்கை போதாது' என்று எழுதுகிறார்கள். நம் பள்ளி ஆண்டுவிழாக்களில் இது இன்னும் பச்சையாக நடக்கும். சிவப்பாக இருக்கிற பிள்ளை இளவரசி. கறுத்த பிள்ளைக்கு அரக்கன் வேஷம், அல்லது திரை இழுக்கும் வேலை. இதற்கு ஆடிஷன்கூடத் தேவைப்படுவதில்லை. வகுப்பறையில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

மறுஅழைப்பில் நடக்கும் 'வேறுமாதிரி செய்' என்ற சோதனையைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும். இதைச் சாதகமாகவும் வாசிக்கலாம். பிள்ளை மனப்பாடம் செய்துவந்ததைத் தாண்டி, அந்த நேரத்தில் யோசிக்கிறதா, பக்கத்திலிருப்பவரைக் கவனிக்கிறதா என்று இதில்தான் தெரியும். பயிற்சியாளருக்குக் காசு கொடுத்துத் தயார்செய்தது இங்கே உதிர்ந்துபோகும் வாய்ப்பு உண்டு. ஆனால் இதே சோதனை, 'இயக்குநர் சொன்னதைக் கேட்டு நடக்கும் பிள்ளையா' என்பதாகவும் மாறிவிடுகிறது. இரண்டுக்கும் இடையே கோடு மெல்லியது. 'ஏன் சார் அப்படிச் செய்யணும்? அவன் கோபமா இருக்கானா, பயந்துபோயிருக்கானா?' என்று திருப்பிக் கேட்கும் பிள்ளைக்கு மதிப்பெண் கூடுகிறதா, குறைகிறதா? ஒரு தெரிவு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை இந்த ஒரு கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடலாம். என் தாளில் 'ஒத்துழைப்பு' என்ற கட்டம் இருந்தது, 'கேள்வி' என்ற கட்டம் இல்லை. கேள்வி என்ற சொல்லுக்குக் கேட்டுப் பெறும் அறிவு என்றும் பொருள் உண்டு. திருக்குறளில் அதற்குத் தனி அதிகாரமே இருக்கிறது. பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்தவன்தான் நான்.

6

'சரி, என்னதான் பண்ணச் சொல்றீங்க? எண்பது பேரையும் மேடையேத்த முடியுமா? எல்லாருக்கும் ராஜபார்ட் கொடுக்க முடியுமா?' நாடகம் போடுகிற நண்பர்கள் இப்படிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில், தெரிவு இல்லாமல் சிறார் நாடகம் நடந்திருக்கிறது. சிகாகோவின் ஹல் ஹவுஸ் குடியேற்றக்காரர்கள் வாழ்ந்த பகுதியில் இருந்த சமூக மையம். அங்கே 1920களில் நீவா பாய்டிடம் விளையாட்டுகளைப் பற்றிப் படித்த வயோலா ஸ்போலின், பொருளாதார மந்தக் காலத்தில் அரசு வேலைத்திட்டத்தின் கீழ் அந்த நகரத்தில் நாடகப் பயிற்சி கொடுத்தார். வந்தவர்கள் பல மொழி பேசும் வீடுகளைச் சேர்ந்தவர்கள். தாளில் அச்சடித்த வசனத்தை வைத்து அவர்களை அளந்திருந்தால் பாதிப்பேர் முதல் நாளே கழிந்திருப்பார்கள். ஸ்போலின் வசனத்தை ஒதுக்கிவிட்டு விளையாட்டைக் கொண்டுவந்தார். 1963இல் வந்த அவரது புத்தகம், நடிக்க எல்லோராலும் முடியும் என்ற நிலைப்பாட்டிலிருந்து தொடங்குகிறது. அங்கீகாரத்துக்காக ஏங்குவதும் நிராகரிப்புக்குப் பயப்படுவதும் மனிதனின் நேரடி அனுபவத்தை அடைத்துவிடுகின்றன என்பது அவர் வாதம். ஆடிஷன் முழுக்க முழுக்க இந்த இரண்டின்மேல்தான் நிற்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். இதிலும் ஒரு வரலாற்றுக் கேலி உண்டு. அவருடைய மகன் பால் சில்ஸ் 1959இல் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய 'செகண்ட் சிட்டி' மூலம் அந்த விளையாட்டுகள் அமெரிக்க நகைச்சுவைத் தொழிலின் அடிப்படைப் பயிற்சியாயின. கழிக்கப்படாமல் இருப்பதற்காகப் பிறந்த விளையாட்டு, கழித்துக்கட்டும் தொழிலுக்கே தயாரிப்பாக மாறியது. எந்த உத்தியும் தன்னளவில் விடுதலை தந்துவிடாது.

நம் பக்கத்தில் 1977 காந்திகிராமப் பட்டறையும், 1980இல் பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் நடத்திய பட்டறையும் நவீன தமிழ் நாடகத்துக்குத் திருப்பங்களாகப் பேசப்படுகின்றன. பட்டறை என்ற அமைப்பை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம். பிள்ளைகளிடம் போகும்போது மட்டும் பட்டறையை மறந்துவிட்டு மேசையையும் மதிப்பெண் தாளையும் தூக்கிக்கொண்டு போகிறோம். பெரியவர்களுக்குச் சமத்துவம், பிள்ளைகளுக்குப் பரீட்சை!

இரண்டாவது, தெரிவு தவிர்க்க முடியாத இடங்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரிய அமைப்புகளுக்கு அந்த நெருக்கடி நிஜமானது. லண்டனில் பள்ளி ஆசிரியர் மைக்கேல் கிராஃப்ட் 1956இல் தன் மாணவர்களை வைத்து ஆரம்பித்த நேஷனல் யூத் தியேட்டரே பிற்பாடு போட்டிபோட்டு ஆடிஷனில் தேறி நுழைய வேண்டிய இடமாக வளர்ந்தது. ஆள் கூடும்போது வாசல் குறுகத்தான் செய்யும். அப்படியானால் வாசலை எப்படி வைப்பது என்பதைப் பற்றியாவது பேசுவோம்.

வாசிக்கவேண்டிய பகுதியை ஒரு வாரம் முன்னதாகவே எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தவுடன் படி என்பது வாசிப்பு வேகத்தை அளக்குமே தவிர நடிப்பை அளக்காது. அந்தப் பகுதியைத் தன் வீட்டுப் பேச்சில் சொல்லலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாங்கள் சிரித்துத் தடுத்த அதே காரியம். ஒவ்வொருவராகக் கதவுக்குள் அழைப்பதை நிறுத்திவிட்டு எல்லோரும் எல்லோரையும் பார்க்கும்படி வட்டமாக உட்கார வேண்டும். பிள்ளைகளுக்குத் தங்களுக்குள் யார் என்ன செய்கிறார்கள் என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். மறுஅழைப்பு எல்லோருக்கும் உண்டு என்று வைக்க வேண்டும். முதல்நாள் பயத்தைக் கேட்கிறோம், இரண்டாம் நாள்தான் பிள்ளையைக் கேட்கிறோம். வந்த பிள்ளைகளைப் பார்த்தபிறகு பிரதியைத் திருத்தி எழுதலாம். பதினெட்டுப் பாத்திரம் என்பது வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. ஒரு பாத்திரத்துக்கு இரண்டு பேர் மாற்றி மாற்றி நடிக்கலாம். இவ்வளவுக்கும் பிறகு யாரையாவது இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால், அதைக் கதவில் ஒட்டாமல், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்கிறவருக்குக் கஷ்டமாக இருக்கும். அந்தக் கஷ்டம் இருந்தால்தான் தாளில் எண் போடும் கை கொஞ்சம் நிதானிக்கும்.

பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியர்களுக்கும் தோழர்களுக்கும் ஒன்று. உச்சரிப்பு, மூச்சு, மனப்பாடம் எல்லாம் சொல்லிக்கொடுங்கள், தப்பில்லை. கூடவே, மேசைக்குப் பின்னாலிருப்பவரிடம் கேள்வி கேட்கலாம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். 'இந்த ஆள் யாரு? ராசாகிட்ட ஏன் இப்படிக் கும்பிட்டுப் பேசுதான்?' என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, அந்தப் பாத்திரத்துக்குள் ஏற்கெனவே பாதி போய்விட்டது. பட்டியல் என்பது நாலு பேர் ஒரு சாயங்காலத்தில் எடுத்த முடிவு, அதில் பெயர் இல்லாதது தன்னைப் பற்றிய தீர்ப்பு இல்லை என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

அந்தச் சிறுமியின் பெயர் என் தாளில் முதல் கட்டத்துக்கு மேலே எழுதியிருந்தது. எண்கள் ஞாபகம் இருக்கின்றன, பெயர் ஞாபகமில்லை. முகாமின் கடைசி நாள் நாடகம் நடந்தபோது அவள் பார்வையாளர் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அரசன் முன்னால் குடிமகனாக வந்த பையன் 'அடியேன் கூறுவதைச் சற்றே செவிமடுக்க வேண்டும்' என்று ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான். கூட்டத்தில் பேச்சுச் சத்தம். யாரும் கேட்கவில்லை.